நந்தியாவட்டைக் கொம்புப்புழு: அறிகுறி பார்த்துக் கோளாறு நீக்குவது எப்படி

செடியைக் காப்பாற்ற வந்தவர்களுக்கும், புழுவை டப்பாவில் வைத்து அந்துப்பூச்சியாக்கிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறோம். இரு தரப்பாரும் தடுமாறுவது ஒரே இடத்தில்தான். இந்தப் பூச்சி எந்தப் பருவத்தில் எதைத் தின்னும், எப்போது தீனியை நிறுத்தும் என்பது தெரியாததால் செடிக்காரர் தேவையில்லாமல் மருந்தடிக்கிறார், வளர்ப்பவர் நல்ல புழுவைச் செத்ததென்று தூக்கிப் போடுகிறார்.

இந்தக் கொம்புப்புழு வளர்ந்து ஆகும் பூச்சியின் பெயர் டாஃப்னிஸ் நெரியை. ஸ்பிங்கிடே குடும்பத்தைச் சேர்ந்த பருந்து அந்துப்பூச்சி. ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் ஆண்டு முழுக்க இருக்கும். வெயில் காலத்தில் துருக்கி, தென் ஐரோப்பா வரை வலசை போகும், ஆனால் அங்கத்திய குளிரைத் தாங்காது. நம் ஊரில் இதன் சாப்பாட்டுத் தட்டு நந்தியாவட்டைதான். அரளி, நித்தியகல்யாணி, ஏழிலைப்பாலை, சர்ப்பகந்தி, களா ஆகியவற்றிலும் வரும். எல்லாமே ஒரே குடும்பம், ஒடித்தால் பால் வடியும் செடிகள். எள்ளிலும் கத்தரியிலும் வரும் கொம்புப்புழு வேறு இனம். அதற்கு இங்கே சொல்வது முழுதாகப் பொருந்தாது.

இலையைக் காணோம், புழுவையும் காணோம்

கிளை நுனியில் காம்பும் நடு நரம்பும் மட்டும் நிற்கிறது, எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. பத்துக்கு எட்டுப் பேர் இந்த நிலையில்தான் உதவி கேட்கிறார்கள்.

செடியைப் பார்ப்பதை விட்டுத் தரையைப் பாருங்கள். பருந்து அந்துப்பூச்சிப் புழுவின் புழுக்கை அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். சின்ன பீப்பாய் வடிவம், நீளவாக்கில் ஆறு பள்ளம், குறுக்கே ஓரிரண்டு வரி. ஒன்றை எடுத்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தால் காய்ந்த முசுக்கட்டைப் பழத்தைச் சுருக்கியது போலத் தெரியும். வேறு குடும்பத்துப் புழுக்கள் போடும் எச்சம் இவ்வளவு ஒழுங்காக இருக்காது.

அதன் அளவே புழுவின் வயதைச் சொல்லிவிடும். கடுகளவு என்றால் புழு இன்னும் விரல் நகத்தைத் தாண்டவில்லை. அதைவிடச் சற்றுப் பெரிது என்றால் பாதி வளர்ந்தது. கொத்தமல்லி விதையைவிடப் பெரிதாக, 5 மி.மீ. நீளத்துக்கு இருந்தால் மேலே இருப்பது கடைசிப் பருவப் புழு (ஒரு முறை சட்டை உரிப்பதற்கும் அடுத்த முறை உரிப்பதற்கும் இடைப்பட்டது ஒரு பருவம்), உங்கள் சுண்டு விரலைவிடத் தடிமனாக இருக்கும். பச்சையாக, அழுத்தினால் நசுங்கினால் சற்று முன் விழுந்தது. கறுத்து இறுகியிருந்தால் நேற்றையது. மழைக்குப் பிறகு பழைய புழுக்கையும் ஊறிப் பருத்துவிடும் என்பதால் மழை நாளில் அளவை நம்பாதீர்கள்.

தேடும் வரிசை:

1. மாலையில் செடிக்கடியில் செய்தித்தாள் விரித்து நாலு மூலையிலும் கல் வையுங்கள்.
2. மறுநாள் காலையில் புது புழுக்கை எங்கே குவிந்திருக்கிறதோ, அதற்கு நேர் மேலே இருக்கும் கிளையை மட்டும் பாருங்கள். காற்றில்லாத இரவென்றால் ஒரு சாண் சுற்றளவுக்குள் அகப்பட்டுவிடும்.
3. தின்ற இலையில் தேடாதீர்கள். வளர்ந்த புழு பகலில் செடியின் உள்பக்கம், தண்டோடு ஒட்டி, தலைகீழாகக் கிடக்கும். சின்னது இலையின் அடியில் நடு நரம்போடு நரம்பாக ஒட்டியிருக்கும்.
4. அப்படியும் இல்லையென்றால் இரவு 8 மணிக்கு மேல் டார்ச் எடுத்துப் போங்கள். தின்னும்போது அசையும், அசைவு கண்ணில் படும்.

கண்டுபிடித்தபின் உறுதி செய்வது எளிது. பொரித்த புதிதில் 3, 4 மி.மீ. நீளம், மஞ்சள் உடம்பு, பின்னால் உடம்பு அளவுக்கே பொருத்தமில்லாத நீளக் கறுப்புக் கொம்பு. பிறகு பச்சையாகிவிடும். வளர்ந்தபின் கொம்பு குட்டையாகி, மஞ்சளாகி, கீழ்நோக்கி வளையும். பக்கவாட்டில் வெள்ளைக்கோடும் வெண்புள்ளிகளும். தலைக்குப் பின்னால், மூன்றாம் கணுவில், நீலமும் வெள்ளையுமாக இரண்டு கண்புள்ளிகள். தொட்டால் தலையை உள்ளிழுத்து முன்னுடம்பை வளைக்கும். அந்தக் கண்கள் பெரிதாகி உங்களை முறைக்கும். அவ்வளவுதான் அதன் ஆயுதம். கொம்பு குத்தாது, வெறும் சதை.

என்ன செய்யலாம்? ஆளுயரச் செடியில் இரண்டு மூன்று புழு என்றால் ஒன்றுமே செய்ய வேண்டாம். வேரூன்றிய நந்தியாவட்டை மொட்டையடித்த பிறகும் கணுக்கணுவாய்த் தளிர் விடும். தண்ணீரைச் சீராக விட்டால் போதும். இலையில்லாத செடிக்கு உரத்தை அள்ளிக் கொட்டாதீர்கள், வேர் அதை எடுக்காது. சிறிய தொட்டிச் செடியோ புதிதாக நட்ட பதியனோ என்றால் மட்டும் கையால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். பிடித்து இழுக்கக் கூடாது. பின்கால்கள் தண்டை அவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கும், இழுத்தால் கால் கிழியும். கிளையோடு வெட்டி எடுப்பதுதான் சரி.

மொட்டையடித்த செடியில் வரும் புதுத் தளிர்தான் அடுத்த தாய்ப்பூச்சிக்கு அழைப்பிதழ். ஆகவே அடுத்த மூன்று வாரம் கொழுந்துகளைத் திருப்பிப் பாருங்கள். வெளிர்பச்சையில் 1.5 மி.மீ. உருண்டை, ஒவ்வொன்றாகத் தனித்தனியே ஒட்டியிருந்தால் முட்டை. இந்த நிலையில் நகத்தால் சுரண்டி எடுப்பது எந்த மருந்தைவிடவும் மலிவு.

சேதம் இருக்கிறது, ஆனால் புழுக்கை இல்லை, அல்லது வடிவம் வேறு

அப்படியானால் ஆள் வேறு. நந்தியாவட்டையில் இரண்டு மூன்று இலையை நூலால் சேர்த்துத் தைத்து, உள்ளே 2 செ.மீ. பச்சைப் புழு இருந்தால் அது இலைபிணைக்கும் புழு. அதன் அந்து வெளிர்பச்சையில் கண்ணாடி மாதிரி இருக்கும். பிணைந்த இலையைக் கிள்ளி எறிந்தால் முடிந்தது வேலை.

அரளியில் உடம்பின் மேல் நான்கு ஜோடி கறுப்பு இழைகள் ஆடிக்கொண்டு வரும் புழு, கருப்பன் வகைப் பட்டாம்பூச்சியினுடையது. அதன் கூட்டுப்புழு இலைக்கடியில் வெள்ளிக் குண்டுமணி போலத் தொங்கும். அரளிக் கொழுந்தில் மஞ்சளாய் மொய்ப்பது அசுவினி. அது சாறு உறிஞ்சும், இலையைத் தின்னாது. ஓரத்தில் அரைவட்டமாகக் கத்தரித்து வைத்த மாதிரி இருந்தால் இலைவெட்டித் தேனீ, விட்டுவிடுங்கள். தரையில் பளபளப்பான பிசின் கோடு இருந்தால் நத்தை.

மருந்தடித்தேன், போகவில்லை

காரணம் அநேகமாக மூன்றில் ஒன்று.

புழு பெரிதாகிவிட்டது. வேப்பெண்ணெய்க் கரைசல் முட்டையிட வரும் பூச்சியைத் தயங்க வைக்கும், குட்டிப் புழுவின் வளர்ச்சியைக் குலைக்கும். விரல் பருமன் புழுவை ஒன்றும் செய்யாது. லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது தண்ணீரில் கலக்க 1 மி.லி. சோப்புக் கரைசல் என்பது வீட்டுத் தோட்ட அளவு. சோப்பை முதலில் எண்ணெயோடு அடித்துக் கலந்துவிட்டுப் பிறகு தண்ணீர் சேருங்கள். இல்லையென்றால் எண்ணெய் மேலே மிதந்து கடைசிக் கால் லிட்டரில் மொத்தமாக வந்து இலையைக் கருக்கும்.

பி.டி. (பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ்) பாக்டீரியாத் தூளைக் காலையில் அடித்துவிட்டீர்கள். அது தொட்டால் கொல்லும் மருந்தல்ல, புழு தின்று வயிற்றுக்குள் போக வேண்டும். வெயிலில் சில நாளில் வீரியம் போய்விடும். சாயங்காலம், இலையின் அடிப்பக்கம் நனையும்படி, லேபிளில் உள்ள அளவில் அடிக்க வேண்டும். சின்னப் புழு சில மணி நேரத்தில் தீனியை நிறுத்தும், சாவதற்கு இரண்டு மூன்று நாள் ஆகும். மறுநாளே புழு உயிரோடிருக்கிறதே என்று இன்னொரு மருந்தைத் தூக்குவது வீண் செலவு.

மூன்றாவது, புழு ஏற்கெனவே இறங்கிப் போய்விட்டது. புதுப் புழுக்கை இல்லையென்றால் செடியில் யாருமில்லை. காலி வீட்டுக்குப் பூட்டுப் போட்டு என்ன பயன்?

கடும் பூச்சிமருந்து இதற்குத் தேவையே இல்லை என்பது எங்கள் கருத்து. செண்பகப் பறவை, மைனா, ஒட்டுண்ணிக் குளவி மூன்றும் உங்களைவிட நன்றாகத் தேடும். மருந்து முதலில் குளவியைத்தான் கொல்லும்.

குட்டிப் புழு தின்னாமலே சாகிறது

இனி வளர்ப்பவர்களுக்கு. பொரித்து ஓரிரு நாளில் மஞ்சள் குட்டிகள் சுருங்கிப் போவதற்குப் பெரும்பாலும் இலைதான் காரணம்.

முதலில் இலை எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். நர்சரியில் புதிதாக வாங்கிய செடியில் வேர் வழியாக ஏறும் மருந்து இருக்கலாம். கழுவினாலும் போகாது, அது இலைக்குள்ளேயே இருக்கிறது. பூமாலைக்கு வளர்க்கும் அரளித் தோட்டத்து இலைக்கும் இதே ஆபத்து. இரண்டு மூன்று மாதமாக எதுவும் அடிக்காத வீட்டுச் செடியில் மட்டும் பறியுங்கள்.

அடுத்தது முற்றல். முதல் இரு பருவத்துக்குக் கொழுந்து வேண்டும். நுனியிலிருந்து எண்ணி மூன்றாவது நான்காவது இலை வரை சரி. அரளியின் முற்றிய இலை தோல் மாதிரி, குட்டியின் தாடைக்கு ஏறாது.

மூன்றாவது செடி மாற்றம். நந்தியாவட்டையில் கண் திறந்த புழுவுக்கு நடுவில் அரளி போட்டால் பட்டினி கிடந்து சாகுமே தவிரப் பல சமயம் தொடாது. எந்தச் செடியில் எடுத்தீர்களோ அதே செடியையே கடைசி வரை கொடுங்கள். மாற்றியே ஆக வேண்டிய நிலையில் சட்டை உரித்த உடனே, இரண்டு இலையையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

நான்காவது ஈரம். இலையில் தண்ணீர் தெளிக்காதீர்கள். டப்பாச் சுவரில் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் 4 மி.மீ. புழு அதில் ஒட்டி மூழ்கிவிடும். மூடியில் ஓட்டை போட்டு வலைத்துணி ஒட்டி, அடியில் டிஷ்யூத் தாள் விரியுங்கள். கிளையைப் பாட்டில் தண்ணீரில் செருகி வைப்பதானால் பாட்டில் வாயைப் பஞ்சால் இறுக அடைக்க வேண்டும். புழு தண்டு வழியாக இறங்கித் தண்ணீருக்குள்ளேயே நடந்து போகும், நிற்கத் தெரியாது. வெட்டிய முனையில் வடியும் பால் உறைந்து குழாயை அடைத்துவிடும் என்பதால், தண்ணீருக்குள் அமிழ்த்தியபடியே அடியில் இன்னொரு முறை வெட்டி, பால் நிற்கும் வரை கழுவிவிட்டுச் செருகுங்கள். அப்போது கிளை இரண்டு நாள் வாடாமல் நிற்கும்.

முட்டையே பொரியவில்லையா? நம் ஊர் வெப்பத்தில் 3 முதல் 5 நாளில் பொரிக்கும். நடுவில் குழி விழுந்தால் கருவுறாதது. கறுத்து, பொரிக்காமல் நின்று, பிறகு ஊசி முனை ஓட்டை தெரிந்தால் முட்டைக் குளவி பிறந்து பறந்துவிட்டது.

இலை தீர்ந்துகொண்டே போகிறது

இது கோளாறு இல்லை, கணக்குத் தப்பு. ஐந்து பருவத்தில் முதல் நான்கில் தின்பதெல்லாம் கொறிப்பு. மொத்தத் தீனியில் பெரும்பங்கு ஐந்தாம் பருவத்தின் ஐந்தாறு நாளில்தான் உள்ளே போகிறது. நேற்று இரண்டு இலை தின்ற புழு நாளை ஒரு கிளையைக் காலி செய்யும். பூவையும் விடாது. ஆறு புழு வளர்க்கத் தொடங்கும்போதே, கடைசி வாரத்துக்கு மார்பளவுச் செடி ஒன்று கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இரண்டோடு நிறுத்துங்கள். பாதி வயிற்றோடு கூட்டுப்புழுவானால் அந்து சிறுத்து, இறக்கை சரியில்லாமல் வரும்.

அசையாமல் கிடக்கிறது, செத்துவிட்டதா?

தொட்டுப் பார்க்கும் முன் தலையைப் பாருங்கள். முன்னுடம்பைத் தூக்கி, தலையைக் கவிழ்த்து, பிரார்த்தனையில் இருப்பது போல ஒரு நாள் முழுக்க நின்றால் சட்டை உரிக்கத் தயாராகிறது. கூர்ந்து பார்த்தால் பழைய தலை ஓடு சின்னத் தொப்பி மாதிரி முன்னால் தள்ளியிருக்கும், அதன் பின்னால் புதுத் தலை வீங்கித் தெரியும். இந்த 24 மணி நேரத்தில் கால்களுக்கடியில் நூல் பின்னி இலையோடு தன்னைக் கட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிய்த்து வேறு இலைக்கு மாற்றினால் சட்டையிலிருந்து வெளியேறப் பிடிமானம் இல்லாமல் பாதி உரித்த நிலையில் சாகும். டப்பா சுத்தம் செய்யும் அவசரத்தில் நடக்கும் கொலை இதுதான். அந்த இலையைச் சுற்றி வெட்டி, இலையோடு நகர்த்துங்கள்.

கொம்பு மட்டும் கறுத்து வளைந்து உதிர்ந்தால் பயப்பட வேண்டாம், பெரும்பாலும் ஒன்றோடொன்று கடித்தது. இடம் போதவில்லை என்று அர்த்தம். ஒரு லிட்டர் டப்பாவுக்கு ஒரு பெரிய புழு போதும்.

புழுக்கை குழைந்து போகிறது, உடம்பு தொய்ந்து தொங்குகிறது

பீப்பாய் வடிவம் கெட்டுச் சேறு மாதிரி வந்தால் உடனே கவனியுங்கள். ஈர இலை, அடைத்த காற்று, நேற்றைய எச்சத்தின் பூஞ்சை, இவற்றில் ஒன்று. இலையைத் துடைத்து உலர்த்திக் கொடுங்கள், டிஷ்யூவைக் காலையும் மாலையும் மாற்றுங்கள், மூடியைக் கழற்றி வலை மட்டும் கட்டுங்கள். பல புழுக்கள் ஒரே நாளில் தேறிவிடும்.

பின்கால்களால் பிடித்தபடி தலைகீழாகத் தொங்கி, உடம்பு கறுத்து, தொட்டால் தோல் கிழிந்து கூழாக வடிந்தால் அது வைரஸ். தேறாது. டிஷ்யூவில் சுற்றி மூடி அப்புறப்படுத்துங்கள். டப்பாவைச் சோப்பில் கழுவி, பிளீச்சிங் கரைசலில் ஊற வைத்து, வெயிலில் காய வையுங்கள். அந்த டப்பாவில் இருந்த மற்றவற்றையும் தனித்தனியே பிரியுங்கள்.

தோல் மேல் அரிசி நுனி போல வெள்ளை முட்டை ஒட்டியிருந்தால் ஒட்டுண்ணி ஈ. உடம்பைச் சுற்றிப் பஞ்சுப் பொட்டலங்கள் தெரிந்தால் குளவிக் கூடு. இரண்டும் வெளியில் இருந்து பெரிய புழுவாக எடுத்து வந்தவற்றில்தான் வரும். முட்டையாக எடுத்து வலைக்குள் வளர்த்தால் இந்தத் தலைவலி மிகக் குறைவு.

பச்சைப் புழு பழுப்பாகிவிட்டது

தின்கிறதா, ஓடுகிறதா? கேள்வி அதுதான். தின்றுகொண்டே பழுப்பாகவோ இளஞ்சிவப்பாகவோ இருந்தால் அது நிற வேறுபாடு, இந்த இனத்தில் உண்டு. தீனியை நிறுத்தி, ஈரமாகப் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டு, முதுகு கறுத்து, டப்பாவைச் சுற்றிச் சுற்றி ஓடினால் கூட்டுப்புழுவாகும் நேரம். ஈர எச்சத்தைப் பார்த்து வயிற்றுப்போக்கு என்று நினைத்துவிடுவார்கள். இல்லை, குடலைக் காலி செய்கிறது.

இந்தக் கட்டத்தில் செடியைத் தேடி இலை திணிக்காதீர்கள். 6 செ.மீ. ஆழத்துக்குத் தென்னைநார்த் தூளும் அதன் மேல் காய்ந்த இலைச் சருகும் போட்ட டப்பாவுக்கு மாற்றுங்கள். தூளைக் கையில் பிழிந்தால் ஒரு சொட்டும் வடியக் கூடாது, ஆனால் தொட்டால் குளிர்ச்சி தெரிய வேண்டும். புழு சருகுகளை நூலால் இழுத்து ஒரு லேசான கூடு கட்டும். ஐந்து நாள் திறந்து பார்க்கக் கூடாது. ஆவலில் மூன்றாம் நாள் கிளறுபவர்கள்தான், தோல் இறுகாத மெத்தென்ற கூட்டுப்புழுவை நசுக்கிவிடுகிறார்கள்.

நல்ல கூட்டுப்புழு 6, 7 செ.மீ. நீளம், வெளிர்பழுப்பு, பக்கவாட்டில் கறுப்புப் புள்ளி வரிசை. லேசாகத் தொட்டால் வாலை ஆட்டும். நம் வெப்பத்தில் ஏறக்குறைய இரண்டு வாரம். எடை குறைந்து, உலர்ந்து, ஆட்டமில்லாமல் போனால் உள்ளே ஒன்றுமில்லை. தொட்டி மண்ணைக் கிளறும்போது இப்படி ஒன்று அகப்பட்டால் அதே தொட்டியில் சருகுக்கடியில் வைத்து மூடுங்கள்.

அந்து வந்தது, இறக்கை விரியவில்லை

கூட்டை உடைத்து வெளியே வரும்போது இறக்கை ஈர வெற்றிலைச் சுருள் மாதிரிதான் இருக்கும். ஏறித் தொங்க இடம் கிடைத்தால் அரை மணிக்குள் முழுதாக விரியும், இறுக இன்னும் இரண்டு மூன்று மணி நேரம். வழவழப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாது. கீழே விழுந்து விழுந்து நேரம் போனால் இறக்கை சுருண்டபடியே காய்ந்துவிடும், பிறகு யாராலும் நீவி விட முடியாது. கூட்டுப்புழு பத்து நாள் ஆனதுமே டப்பாவில் சாய்வாகச் சொரசொரப்பான குச்சிகள் இரண்டு வையுங்கள், சுவரில் வலைத்துணி ஒட்டுங்கள். மேலே 15 செ.மீ. காலி இடம் வேண்டும். இறக்கை விரிந்தால் 9 முதல் 11 செ.மீ. அகலம், அதற்கு இடமில்லாமல் முடங்கினாலும் அதே கதிதான்.

வந்த பிறகு தரையில் பழுப்பு நீர் சிந்தியிருந்தால் ரத்தம் இல்லை. கூட்டில் இருந்தபோது சேர்ந்த கழிவு.

இறக்கை நடுங்குகிறது

காய்ச்சல் இல்லை. இவ்வளவு கனமான உடம்பைத் தூக்கப் பறக்கும் தசை சூடாக வேண்டும். பறக்கும் முன் சில நிமிடம் இறக்கையை அதிர வைத்துச் சூடேற்றிக்கொள்ளும். நீங்கள் கையில் பிடித்து ஆறுதல் சொல்லும் நேரத்தில் விருட்டென்று கிளம்பி டியூப்லைட்டில் மோதும். நடுக்கம் தொடங்கினால் விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். பகல் முழுக்கச் சுவரில் பச்சைப் பாசி போல அசையாமல் ஒட்டியிருப்பதும் வழக்கம்தான்.

புழு நஞ்சைத் தின்கிறதே, தொடலாமா?

புழுவைத் தொடலாம். கடிக்காது, அரிக்காது. கவனிக்க வேண்டியது செடியை. அரளியில் ஒலியாண்ட்ரின் என்ற இதயத்தைத் தாக்கும் நஞ்சு இருக்கிறது; இலை, பூ, தண்டு எதுவும் விதிவிலக்கல்ல. கிளை வெட்டிய கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் கண்ணையோ சாப்பாட்டையோ தொடக் கூடாது. மிச்சக் கிளையை ஆடுமாடு மேயும் இடத்தில் எறியக் கூடாது.

புழு எப்படித் தாங்குகிறது என்பது வேடிக்கையான விஷயம். இந்த நஞ்சு நரம்பணுவில் சோடியத்தை வெளியே தள்ளிப் பொட்டாசியத்தை உள்ளே இழுக்கும் பம்பைப் பூட்டும். பாலுள்ள எருக்கு வகையைத் தின்னும் சில பட்டாம்பூச்சிகளில் அந்தப் பம்பே மாறியிருக்கிறது. இந்தப் புழுவில் மாறவில்லை, நஞ்சுபட்டால் எளிதில் பூட்டிக்கொள்ளும் என்று 2009-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஆகவே நஞ்சை நரம்பு வரை போக விடாமலே சமாளிக்கிறது.

அந்துப்பூச்சி எதையும் குடிக்க மாட்டேன் என்கிறது

இலைக்கும் இதற்கும் இனி சம்பந்தம் இல்லை. வளர்ந்த அந்துக்கு உணவு பூந்தேன் மட்டும். அதுவும் உட்கார்ந்து குடிக்காது, அந்தரத்தில் நின்றபடி நீண்ட உறிஞ்சுகுழலை நீட்டும். டப்பாவில் தட்டில் வைத்த சர்க்கரைத் தண்ணீரை அது கண்டுகொள்ளாததற்குக் காரணம் இதுதான்.

கூட்டிலிருந்து வந்த அன்றே ஊட்ட வேண்டியதில்லை. புழுப் பருவத்துக் கொழுப்பு சில நாள் தாங்கும். முட்டையிட வைத்துப் பார்க்க வேண்டுமென்றால்தான் ஊட்ட வேண்டியிருக்கும்:

1. சர்க்கரை 1 பங்கு, தண்ணீர் 5 பங்கு. கெட்டியாகக் கலந்தால் குழலில் ஏறாது. தேன் வேண்டாம், சீக்கிரம் புளிக்கும், காய்ந்தால் பிசுக்கு.
2. இருட்டியபின், இறக்கையைப் பகல் நிலையில் மடித்தபடி, டிஷ்யூவால் லேசாகச் சுற்றிப் பிடியுங்கள். முதுகைத் தேய்க்காதீர்கள், செதில் உதிரும்.
3. தலைக்கடியில் கடிகாரச் சுருள் போல இருக்கும் குழலுக்குள் மழுங்கிய ஊசி முனையை விட்டு மெதுவாக நீட்டி, நுனியைக் கரைசலில் நனையுங்கள்.
4. சுவை தெரிந்ததும் தானே வைத்துக்கொள்ளும். சுருட்டினால் இன்னும் இரண்டு முறை முயலுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.
5. முடிந்ததும் குழலை ஈரப் பஞ்சால் துடையுங்கள். ஒட்டிய சர்க்கரை காய்ந்தால் குழலின் இரு பாதியும் பிரிந்து பிறகு சேராது.

தோட்டத்துக்கே வரவழைக்க வேண்டுமென்றால் வெள்ளையாய், நீளக் குழலோடு, இரவில் மணக்கும் பூ வேண்டும். மரமல்லி, பவழமல்லி, மல்லிகை, நிலாப்பூக்கொடி, பெட்டூனியா நல்லது. பக்கத்தில் வெள்ளை விளக்கு எரிந்தால் பூவை விட்டு விளக்கைச் சுற்றும், அந்த ஒரு பல்பை அணைத்தாலே மாற்றம் தெரியும். பொழுது சாய்ந்து முதல் ஒரு மணி நேரம் கவனியுங்கள். பட்டப்பகலில் இட்லிப்பூவில் தேன்சிட்டு மாதிரி நின்று குடிப்பது இதன் உறவுக்காரப் பூச்சி, கண்ணாடி இறக்கை இருந்தால் நிச்சயம் அது வேறு. தேன்கூட்டுக்குள் நுழைந்து திருடும் மண்டையோட்டு அந்துவும் வேறு. அதன் குழல் குட்டை, தடிமன். தேனீப் பெட்டி வைத்திருப்பவர்கள் நந்தியாவட்டையை வெட்டத் தேவையில்லை.

விடுவிக்கும்போது மழையில்லாத மாலை, விளக்கில்லாத பக்கம், செடிக்கருகே ஒரு குச்சியில் ஏற்றிவிடுங்கள். கிளம்பப் பத்து நிமிடம் எடுத்துக்கொள்ளும், தட்டி எழுப்பாதீர்கள்.